கதை எங்கே போனது? பரிசோதனை இசை நாடகம் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஒரு சிறிய நாடகக் குழுவோடு சேர்ந்து வேலை செய்கிறேன். ரிக்கற் கிழிப்பது, கதிரை அடுக்குவது, நாடகம் முடிந்த பிறகு வாசலில் நின்று சனத்தின் பேச்சைக் கேட்பது என் பங்கு. பரிசோதனை இசை நாடகம் போட்டால் வாசலில் பேச்சுக் கூடும். சிலர் கோபத்தோடு வருவார்கள். சிலர் கண் கலங்கி வருவார்கள். கூடுதலானவர்கள் "ஒண்டும் விளங்கேல்லை" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விடுவார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பார்த்ததும் கேட்டதும் அவர்களிடம் நிறைய இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லத்தான் தயங்குகிறார்கள்.

எந்த மாதிரி நாடகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

பாட்டும் ஆட்டமும் வாத்தியமும் இருக்கும், ஆனால் கதை நேராக ஓடாது. பாடுபவர் ஒருவர், ஆடுபவர் வேறொருவர், பின்திரையில் ஓடுவது இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒன்று. சில வேளை பாட்டில் வசனமே இராது.

உலகளவில் பெயர்பெற்ற உதாரணம், அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸும் நெறியாளர் ரொபேர்ட் வில்சனும் சேர்ந்து செய்த 'ஐன்ஸ்டைன் ஒன் த பீச்'. 1976 ஜூலையில் பிரான்சின் அவிஞ்ஞோன் விழாவில் முதன்முதலில் மேடையேறியது. ஏறக்குறைய 5 மணித்தியாலம், இடைவேளை கிடையாது. பாடகர்கள் பெரும்பாலும் எண்களையும் டோ-ரே-மி என்ற சுரப் பெயர்களையும்தான் பாடுவார்கள். ஐன்ஸ்டைனின் வாழ்க்கைக் கதை அதில் இல்லை. அவரைப் போல வேடமிட்ட ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு ரயில் வரும், ஒரு நீதிமன்றம் வரும், கடைசியில் விண்கலம் வரும். இங்கே நாங்களும் மற்றக் குழுக்களும் செய்வது இதில் சிறு துளி அளவுதான், ஆனால் வாசலில் எழும் கேள்விகள் ஒன்றுதான்.

கதை விளங்கவில்லை. பிழை என்னிலா, அவர்களிலா?

இரண்டு விதமான விளங்காமை உண்டு. கதை சொல்லும் எண்ணமே இல்லாமல் செய்தது ஒன்று. சொல்ல நினைத்துச் சொல்லத் தெரியாமல் போனது மற்றது. இரண்டாவதைப் புதுமை என்று நாங்கள் யாரும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஒத்திகை போதாத நாடகங்கள் 'பரிசோதனை' என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பவர்களை அவமதிக்கும் வேலை அது. அப்படியானதைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. வெளிச்சம் பிந்தி வரும், அடுத்தது என்னவென்று நடிகர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், மௌனம் வரவேண்டிய இடத்தில் மறதி வந்து நிற்கும்.

நன்றாகச் செய்த நாடகத்தில் ஏதாவது ஒன்று திரும்பி வரும். ஓர் அசைவு, ஒரு மெட்டு, ஒரு நிறம், ஒரு பொருள். திரும்பி வரும்போது கொஞ்சம் மாறியும் வரும். அதைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றது தானாக வரும்.

வாசலில் நான் "விளங்கினதா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். "எந்த இடம் ஞாபகத்தில் நிற்குது?" என்றுதான் கேட்பேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அன்ரி, ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னவர், இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொன்னார். மேடையில் ஒரு பெண் வெள்ளைச் சேலையை மடிப்பாள். உதறுவாள், திரும்ப மடிப்பாள். ஒவ்வொரு முறையும் மடிப்புச் சிறிதாகும், மத்தளத்தின் சத்தமும் குறையும். "கடைசி மடிப்புக்கு அந்தப் பிள்ளை நெஞ்சோட சேத்து அழுத்தினவள். அப்ப மத்தளம் நிண்டுட்டுது. எனக்கு மூச்சு முட்டிப் போச்சுது." அந்தக் காட்சியை அமைத்தவர்கள் கேட்க ஏங்கிய பதில் அது. அன்ரிக்கு எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. சேலை எதைக் குறிக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்பதற்காகத் தனக்கு விளங்கவில்லை என்று நினைத்துவிட்டார்.

ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். தலை வெடிக்கிறது. ஏன் இப்படி?

அதிகம் வரும் முறைப்பாடு இது. எங்களுடைய சனம் இதைச் சொல்லும்போது எனக்கு ஆச்சரியம்தான், ஏனென்றால் திரும்பப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. கூத்தில் ஆடுபவர் ஒரு வரி பாட, பிற்பாட்டுக்காரர் அதையே திரும்ப எடுப்பார்கள். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் தாளக்கட்டை ஓட்ட, ஒரு பாத்திரம் களரிக்குள் வரும் வரவுக்கு மட்டும் எத்தனை சுற்று ஆட்டம்! அந்தச் சுற்றுகளில் காலும் தாளமும் இறுகி வருவதைப் பார்க்கத்தான் சனம் விடியும்வரை கூத்தாடும் அந்தக் களரியைச் சுற்றி இருந்தது.

கிளாஸின் இசைக்கும் நம் பக்கத்துத் தாளத்துக்கும் நேரடி உறவும் உண்டு. 1960களின் நடுப்பகுதியில் பரிஸில் படித்துக்கொண்டிருந்தபோது, சிதார் கலைஞர் ரவிசங்கரின் இசையை மேற்கத்தேய வாத்தியக்காரர் வாசிக்கும்படி எழுதிக்கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. சின்னச் சின்னத் தாள அலகுகளைக் கூட்டிக்கொண்டே போகும் முறையை அங்கேதான் கவனித்தார். மேலே சொன்ன நாடகத்தின் தொடக்கத்தில் பாடகர்கள் நாலு வரை எண்ணுவார்கள், பிறகு ஆறு வரை, பிறகு எட்டு வரை. மிருதங்கம் பழகும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே கையில் போட்டுக் காட்டும். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் நடக்கும் அரங்கேற்றங்களில் ஜதி வளர்ந்து வளர்ந்து வந்து தாளச் சுற்றின் தொடக்கமான சமத்தில் விழும்போது கைதட்டத் தெரிந்த சபை இது. அந்தக் காதை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

எப்படிக் கேட்பது? மெட்டை விடுங்கள். விரலால் தொடையில் தாளம் போடுங்கள். எந்த இடத்தில் உங்கள் விரல் பிழைக்கிறதோ அங்கே ஒரு அட்சரம், அதாவது ஒரு தாள எண்ணிக்கை, கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். அந்த இடத்தைத் தேடத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது.

பாதியில் எழும்பிப் போகலாமா?

தாராளமாக. ஐந்து மணித்தியால நாடகத்துக்கு இடைவேளை வைக்காத கிளாஸும் வில்சனும், வேண்டியபோது வெளியே போய்வரலாம் என்று சபைக்குச் சொல்லியிருந்தார்கள். கூத்துக் களரியிலும் அப்படித்தானே? பாயில் பிள்ளைகள் நித்திரை, பெரியவர்கள் தேத்தண்ணிக்குப் போய்வருவார்கள், தங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரரின் வரவுக்கு மட்டும் எல்லாரும் எழும்பி இருப்பார்கள்.

சின்ன மண்டபத்தில் மட்டும் ஒரு கவனம் தேவை. வெளிச்சம் மாறும் நேரம் பார்த்து எழும்புங்கள். போகும் எண்ணம் முன்கூட்டியே இருந்தால் ஓரக் கதிரையாக எடுங்கள்.

நித்திரை வந்தால்?

வரட்டும். குறட்டை வந்தால் பக்கத்திலிருப்பவர் தட்டுவார்.

இப்படியான நாடகங்களின் முதல் நாளில் அரங்கத்துக்குள் கலவரமே நடந்ததாமே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'சபை கோபப்பட்டது' என்று ஒரே சொல்லில் முடிக்கும் சம்பவங்களுக்குள் வேறு வேறு காரணங்கள் கிடக்கின்றன.

எல்லாரும் சொல்வது 1913 மே 29 இரவு, பரிஸில் நடந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை, நிஜின்ஸ்கி அமைத்த நடனம், 'வசந்தத்தின் சடங்கு'. சிரிப்பும் கூச்சலும் எழுந்து, ஆடுபவர்களுக்கு வாத்தியம் கேட்காமல் போனது. மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு கதிரையில் ஏறி நின்று நிஜின்ஸ்கி தாள எண்ணிக்கையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியக்குழுவை நடத்திய பியர் மொன்ரோ நிறுத்தாமல் கடைசிவரை கொண்டுபோனார். இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்கள். அடுத்த வருடம், 1914 ஏப்ரலில், நடனமில்லாமல் அதே இசை பரிஸிலேயே வாசிக்கப்பட்டது. ரசிகர்கள் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்படியானால் முதல் நாள் சபையைக் குழப்பியதில் இசையைவிடக் கண் பார்த்ததற்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். பாதங்களை உட்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிலத்தில் மிதித்த அந்த ஆட்டம், பலே நடனத்தில் அவர்கள் எதிர்பார்த்த எல்லாவற்றுக்கும் நேர்மாறாக இருந்தது.

1930 மார்ச்சில் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் நாடகாசிரியர் பிறெக்ற்றும் இசையமைப்பாளர் கேர்ட் வைலும் செய்த 'மஹகொனி' இசை நாடகத்தின் முதல் நாளில் நடந்தது வேறு கதை. ஹிட்லரின் நாற்சிகள் குழப்புவதற்கென்றே வந்திருந்தார்கள். அங்கே எழுந்த கூச்சலுக்கும் கலை விளங்காமைக்கும் சம்பந்தமில்லை. இன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு நாடகத்துக்கு எதிராகச் சத்தம் எழும்பினாலும், சத்தம் போடுபவர் பார்த்துவிட்டுக் கோபப்படுகிறாரா, பார்க்காமலே அனுப்பப்பட்டவரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாமவரோடு உட்கார்ந்து பேச எனக்கு விருப்பம்.

இன்னொன்று, அதே இருவரின் 'மூன்று காசு இசை நாடகம்', 1928 ஆகஸ்ட் 31, பேர்லின். தொடக்கத்தில் சபை உறைந்துபோய் இருந்ததாம். இடையில் இரண்டு பழைய சிப்பாய்கள் பாடும் பீரங்கிப் பாட்டு வந்ததும் நிலைமை மாறியது, திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் பார்த்த தலைமுறைக்கு இந்த மாதிரி 'வன்ஸ் மோர்' புதிதில்லை. ஒரு சபை ஒரே இரவில், ஒரே நாடகத்துக்குள் மனம் மாறலாம். அதனால்தான் முதல் 20 நிமிடத்தில் முடிவு கட்டவேண்டாம் என்கிறேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் விஷயம். எங்களுக்கு எதற்கு?

இதைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: 'இராவணேசன்' கூத்து உங்களுக்குப் பிடிக்குமா? பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். அதுவும் ஒரு காலத்தில் பரிசோதனைதான்.

1956 நவம்பர் 3 அன்று, இதே கொழும்பில் லயனல் வென்ற் அரங்கில், எதிரிவீர சரச்சந்திரவின் சிங்கள நாடகம் 'மனமே' மேடையேறியது. அதற்கு முன் அவர் ஜப்பானுக்குப் போய் நோ, கபுகி என்ற அந்நாட்டு மரபு நாடகங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இங்கே அவர் கையிலெடுத்தது நாடகம என்ற பழைய சிங்களப் பாட்டரங்கு. அந்த நாடகமவுக்கு மூலம் எங்கள் தமிழ்க் கூத்து. வீட்டு வரவேற்பறையில் நடப்பதுபோலப் பேசி நடிக்கும் நாடகங்களுக்குப் பழகியிருந்த நகரத்துச் சபைக்கு, பாட்டாலும் ஆட்டத்தாலும் மட்டும் ஒரு காட்டை உண்டாக்கிக் காட்டினார்.

அதைப் பார்த்த உந்துதலோடு பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்தார். விடியவிடிய ஆடியதைக் குறுக்கினார், வட்டக்களரியில் ஆடியதை, சபை முன்னால் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் 1960களில் அப்படி வந்தவை. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிறகு தானே பெரிய நெறியாளராகவும் ஆய்வாளராகவும் ஆனார். வித்தியானந்தன் கூத்தைக் காப்பாற்றினார் என்று சொன்னவர்களும் உண்டு, வெட்டிக் குறுக்கிக் கெடுத்துவிட்டார் என்று சொன்னவர்களும் உண்டு. அந்த வாக்குவாதம் இன்றும் முடியவில்லை. முடியாமல் இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இரண்டு பக்கத்தாரும் கூத்தை நேசித்துத்தான் சண்டை பிடிக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஆலயப் பிரவேசப் போராட்ட காலத்தில் அம்பலத்தாடிகள் என்ற நாடகக் குழுவினர் 'கந்தன் கருணை'யைக் காத்தவராயன் கூத்து மெட்டுகளில் கொண்டுவந்தார்கள். கோயில் கதவைத் திறக்க மறுத்த சாதிக் கொடுமைக்கு எதிராக, கோயில் சனத்துக்குத் தெரிந்த மெட்டிலேயே பாடினார்கள். 1978 இல் தொடங்கிய அவைக்காற்று கலைக் கழகம், க. பாலேந்திராவின் நெறியாள்கையில் பிறெக்ற்றின் நாடகமொன்றை 'யுகதர்மம்' என்ற பெயரில் பாட்டுகளோடு மேடையேற்றியது. 1985 இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' வந்தது. கதாநாயகன் என்று ஒருவர் இல்லை, கவிதையும் பாட்டும் அசைவுமாக ஒரு கூட்டமே பேசியது. அந்த நாளில் ஊர் ஊராக அதைப் பார்த்த சனத்தில் யாரும் கதை எங்கே என்று கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கதை அவர்கள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

சிங்களமோ ஆங்கிலமோ சரியாகத் தெரியாது. அந்த மொழி நாடகத்துக்குப் போகலாமா?

போங்கள். இந்த வகை நாடகத்துக்குத்தான் மொழி தெரியாமல் போகலாம். கிளாஸ் 1980 இல் காந்தியின் தென்னாபிரிக்க வாழ்க்கையை வைத்து 'சத்தியாக்கிரகம்' என்று ஓர் இசை நாடகம் செய்தார். பாடும் வரிகள் எல்லாம் பகவத் கீதையிலிருந்து எடுத்த சமஸ்கிருதம். முதலில் மேடையேறியது நெதர்லாந்தின் ரொட்டர்டாமில். அங்கே சபையில் எத்தனை பேருக்குச் சமஸ்கிருதம் தெரிந்திருக்கும்?

எதிர்த்திசையிலும் இதைப் பார்க்கிறேன். எங்கள் நாடகங்களுக்குச் சிங்கள நண்பர்கள் வந்து முன்வரிசையில் இருப்பார்கள். நாங்கள் வசனத்தைப் பிடிக்கத் திணறும் இடத்தில் அவர்கள் கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காட்சி முடிந்த பிறகு அவர்களோடு பேசினால் நாங்கள் தவறவிட்டது என்னவென்று தெரியவரும். தமிழ்ச் சபையும் சிங்களச் சபையும் ஒரே மண்டபத்தில் இருந்து ஒரே மாதிரி முழிக்கும் நேரம் இந்த நகரத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எப்போது கைதட்டுவது? எல்லாம் முடிந்ததா என்றே தெரியவில்லை.

நடிகர்கள் வரிசையாக வந்து கும்பிடும்போது. அதற்கு முன் மனம் வந்து தட்டினாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா? பிள்ளைகள்?

அம்மா அப்பாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். மட்டக்களப்பிலோ மன்னாரிலோ வன்னியிலோ கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் என்றால் உங்களைவிட நன்றாக ரசிப்பார்கள். தாத்தா ஒருவர் கதிரைக் கைப்பிடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் பல்கலைக்கழகப் பேரன் அலுத்துப்போய்க் கைத்தொலைபேசியைத் திறந்து திறந்து மூடியதை ஒரு முறை பின்னால் நின்று பார்த்தேன். தாளம் மாறிய இடத்தில் தாத்தாவின் விரல் நின்றது. பேரனின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, மேடையைக் காட்டினார்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, ஏழெட்டு வயதுக்காரர் பயமில்லாமல் பார்ப்பார்கள், கதை கேட்டு உங்களைக் கரைச்சல்படுத்தவும் மாட்டார்கள். வயது எல்லை போட்டிருந்தால் மட்டும் மதியுங்கள். திடீர் இருட்டும் பெரிய சத்தமும் இருக்குமா என்று வாசலில் கேளுங்கள்.

பிடிக்கவில்லை என்று நேரே சொன்னால் நடிகர்களுக்கு மனம் நோகாதா?

நோகும். ஆனாலும் சொல்லுங்கள். மாதக்கணக்கில் வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்த்தவர்களுக்கு "நல்லா இருந்தது" என்ற ஒரு சொல்லோடு தலையாட்டிவிட்டுப் போவதுதான் மிகவும் நோகும். பார்த்தார்களா இல்லையா என்றே தெரியாது. "நடுப்பகுதி நீண்டுபோச்சு, அந்த வயலின் பெடியன் வாசிக்கேக்க மட்டும்தான் நான் நிமிர்ந்து இருந்தனான்" என்று ஓர் அண்ணை சொன்னால், அடுத்த நாள் ஒத்திகையில் அதைப் பற்றிப் பேசுவோம். நடுப்பகுதி உண்மையிலேயே குறையலாம்.

எங்கள் சமூகத்தில் மரியாதைக்காகப் பேசாமல் இருக்கும் பழக்கம் அதிகம். பெரியவர் செய்தது, தெரிந்தவரின் பிள்ளை நடித்தது, புலமையுள்ளவர் பாராட்டிவிட்டார் என்று வாயை மூடிக்கொள்கிறோம். பழைய கூத்துச் சபை அப்படி இருக்கவில்லை. ஆட்டக்காரரின் கால் தாளம் தப்பினால் களரியிலேயே சொல்லிவிடும்.

ரிக்கற் ஏன் இந்த விலை?

மண்டப வாடகை, ஒலி, ஒளி, வாத்தியக்காரர். 1976 நவம்பரில் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் ஒபெரா அரங்கில் 'ஐன்ஸ்டைன்' இரண்டு இரவும் நிறைந்த சபையோடு நடந்தும் கடனில்தான் முடிந்தது. கிளாஸ் திரும்பப் போய் டாக்சி ஓட்டினார். மாணவர் ரிக்கற் இருக்கிறதா என்று கேளுங்கள், அநேகமான குழுக்கள் வைத்திருப்பார்கள்.

வீடியோ எடுக்கலாமா?

வேண்டாம். இருட்டுக் காட்சியில் ஒரு திரையின் வெளிச்சம் போதும், பின்னாலிருக்கும் மூன்று வரிசைக்கும் காட்சி போய்விடும்.

கொழும்பில் எங்கே பார்ப்பது? எந்தக் கதிரை நல்லது?

கொழும்பு 7 இல் லயனல் வென்ற் அரங்கு இருக்கிறது. 1944 இல் இறந்த வென்ற் ஒரு புகைப்படக் கலைஞர், பியானோக் கலைஞர். அவர் நினைவாக 1953 இல் திறந்த அரங்கு அது. சிங்கள, ஆங்கிலப் பரிசோதனை நாடகங்கள் அங்கே அதிகம். தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இராமகிருஷ்ண மண்டபமும், பம்பலப்பிட்டியில் கதிரேசன் மண்டபமும் சரஸ்வதி மண்டபமும் இருக்கின்றன. இந்த மண்டபங்கள் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் அரங்கேற்றத்துக்கும் ஏற்றவை. மேடையைச் சுற்றிச் சபையை இருத்தும் வசதி குறைவு என்பது என் நீண்டநாள் கவலை. தமிழுக்கென்று கதிரைகளை நகர்த்தக்கூடிய சிறிய அரங்கு ஒன்று இந்த நகரத்துக்கு வேண்டும்.

கதிரையைப் பற்றி: முன்வரிசை வேண்டாம். மேடை முழுவதையும் ஒரே பார்வையில் பிடிக்கும் தூரத்தில், நடுவுக்குப் பின்னால் எடுங்கள். ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் மூன்று விஷயம் நடக்கும். மாலைக் காட்சி என்றால் காலி வீதி நெரிசலையும் கணக்கில் எடுத்து அரை மணித்தியாலம் முந்தி வாருங்கள். முதல் பத்து நிமிடத்தைத் தவறவிட்டால், பிறகு எது திரும்பி வருகிறது என்று பிடிப்பது கடினம்.